மனத்தின் சிக்கனம்

ஒரு காரியத்திற்குரிய வழிகள் யாவற்றையும் ஆராய்ந்து, அவற்றுள் தலைசிறந்ததைத் தேர்பவனே அறிவுடையோன் என்பது பழைய பொருளாதார நூலார் பலர் கொண்ட கொள்கை. அங்ஙனம் ஆராய்தற்கு வேண்டிய காலமும் நினைவாற்றலும் எவர்க்கு உண்டு? இவ்வினாவை வற்புறுத்தி எழுப்பியவர் ஹெர்பர்ட் ஸைமன் என்னும் அமெரிக்க அறிஞர்.

1955-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் வீடு விற்போன் ஒருவனை எடுத்துக்காட்டுகின்றார். 15,000 டாலர் கிடைப்பின் போதும் என்று அவன் தன்னுள் வரையறுத்துக்கொள்கின்றான். அத்தொகை தருவோன் வந்தவுடன் விற்றுவிடுகின்றான். மிகுதியாகத் தருவோன் எங்கேனும் உளனோ என்று ஊரெல்லாம் தேடுவதில்லை. நல்ல விலை எளிதில் வரின் அவ்வெல்லை உயரும், அரிதாயின் தாழும். இதனைச் சோம்பல் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். தேடுதற்கும் ஒரு விலை உண்டன்றோ?

இனி, இச்சிக்கனத்தால் வரும் இழப்பை நோக்குவோம். ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் உளநூலறிஞர் இருவர் 1974-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்நிலைப்பள்ளி மாணவர் இரு பிரிவினர், கரும்பலகையில் எழுதிய பெருக்கற்கணக்கின் விடையை 5 நொடிக்குள் உத்தேசமாகக் கூறவேண்டும். ஒரு பிரிவினர்க்கு 8 முதல் 1 வரை இறங்குவரிசையிலும், மற்றவர்க்கு 1 முதல் 8 வரை ஏறுவரிசையிலும் எண்கள் எழுதப்பட்டன. கணக்கு ஒன்றே. ஆயினும் விடைகளை வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்றவை முறையே 2,250, 512. உண்மை விடையோ 40,320! முதற் சில எண்களைப் பெருக்கி, அங்கிருந்து எஞ்சியதை ஊகித்தமையே காரணம். எட்டேழ் ஐம்பத்தாறு என்று தொடங்கியவனும் ஓரிரண்டு இரண்டு என்று தொடங்கியவனும் ஓரிடத்தை அடைதல் எங்ஙனம்? (அன்பர்கள் இதனைத் தம்பி தங்கையரிடம் செய்து பார்க்கலாம்.)

அங்ஙனமாயின், பல்லாண்டு பழகிய வைத்தியர் நோயாளியைக் கண்ட மாத்திரத்தில் கூறும் முடிவை நம்பலாமா? உயிர் பற்றிய வினாவாதலின் எளிதிற் கடத்தற்குரியதன்று. சேஸ் என்பாரும் ஸைமனும் 1973-இல் வெளியிட்ட சதுரங்க ஆராய்ச்சி ஈண்டுப் பயன்படும். உண்மை ஆட்டமொன்றின் நடுநிலையை 5 நொடி கண்ட வல்லுநர், காய்களிற் பெரும்பாலானவற்றை உரிய கட்டங்களில் வைத்தார். புதியவர் மிகச் சிலவற்றையே வைத்தார். காய்களை ஒழுங்கின்றிக் கலைத்துவைத்தபோது வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்தது. அவர் விரைவு பழகிய அமைப்புக்களைப் பற்றியே நின்றது. ஆனால் ஒரு வேற்றுமை: பலகை கலைந்திருத்தலை வல்லுநர் கண்டவுடன் உணர்வார். அரிய நோயொன்று பழகிய காய்ச்சலின் குறிகளோடு வரும்போது வைத்தியர்க்கு அத்தகைய அறிவிப்பு யாதும் கிட்டுவதில்லை.