பல் இம்பிளாண்ட்: போடி, ஏலமலைத் தேர்வர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

இம்பிளாண்ட் பல் சிகிச்சைதான். ஆனால் அதைத் தாங்குவது தாடை எலும்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ளவை தாமாகவே நினைவில் நிற்கும்.

• 1952: சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தபோது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு இறுகச் சேர்ந்திருந்தது. இன்றைய இம்பிளாண்டின் அடிப்படை இந்தச் சேர்க்கைதான்.

• 1965: முதல் நோயாளி யோஸ்டா லார்சன். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர். 2006இல் இறக்கும்வரை அந்த இம்பிளாண்டுகளோடுதான் வாழ்ந்தார். முயலுக்கு 1952, மனிதருக்கு 1965. இரண்டையும் மாற்றிவிட வேண்டாம்.

• இதற்கு வெகு காலம் முன்பே மத்திய அமெரிக்காவின் மாயர்கள் முயன்றிருக்கிறார்கள். ஹோண்டுராசில் 1931இல் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்த கீழ்த்தாடையில், முன்பற்கள் இருந்த இடத்தில் மூன்று சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. பிற்கால எக்ஸ்ரேயில் அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்தது தெரிந்தது. ஏலக்காயில் நமக்குப் போட்டியான குவாத்தமாலாவும் மாயர் நிலமே. பக்கத்து நாடு ஹோண்டுராஸ்.

• டைட்டானியம்: அணு எண் 22. கண்டறிந்தவர் வில்லியம் கிரிகோர் (1791), பெயரிட்டவர் கிளாப்ரோத் (1795). தாதுக்கள் இல்மனைட், ரூட்டைல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலில் கிடைக்கின்றன. சவராவில் 2011இல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை தொடங்கப்பட்டது.

• காற்று பட்டதும் இந்த உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அதனால் துருப்பிடிப்பதில்லை, உடலும் அதை எதிர்ப்பதில்லை.

• பாகங்கள் மூன்று: எலும்புக்குள் திருகு, அதன்மேல் இணைப்புத் துண்டு, மேலே கேப்.

• துளையிடும்போது உப்பு நீர் பாய்ச்சுவது ஏன்? எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் நின்றாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும். செத்த எலும்பு திருகைப் பிடிக்காது.

• பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருந்து கேப் போடுவார்கள். மேல்தாடை எலும்பு மென்மையானது. அங்கே கூடுதல் காலம் பிடிக்கும்.

• பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரையும். முதல் ஆண்டில்தான் அதிகம். "வலி போச்சு, போதும்" என்று பல ஆண்டுகள் விட்டுவிட்டால், திருகு பதிக்கும் முன் எலும்பு ஒட்டு வைக்க நேரிடலாம். செலவு அங்கேதான் ஏறுகிறது. பிடுங்கும் அன்றே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்.

• பக்கத்துப் பற்கள் தாங்கும் பிரிட்ஜுக்கு இருபக்கப் பற்களையும் ராவ வேண்டும், இம்பிளாண்டுக்கு வேண்டாம். கழற்றி மாட்டும் பல் செட்டுக்குச் செலவு குறைவு, ஆனால் அடியில் எலும்பு தொடர்ந்து கரையும்.

• தோல்வி வாய்ப்பைக் கூட்டுபவை: பீடி, சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை, ஈறு நோய். எலும்புத் தேய்வுக்குச் சில மாத்திரைகளைச் சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏலக்காய் வாய் நாற்றத்தை மறைக்கும். ஈறு நோயைத் தீர்க்காது.

• விடியலில் ஜீப்பேறி போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. சிகிச்சையை எட்டாக்கனியாக்குவதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் காய் எடுப்பு தொடங்கும் முன் திருகைப் பதித்துக்கொண்டால், எலும்பு சேரும் மாதங்களும் எடுப்பு மாதங்களும் ஒன்றாகவே கழியும். தையல் பிரிப்பு, இடையில் ஓரிரு பரிசோதனை, கடைசியில் கேப் என்று சில நாள்களே போகும்.

• மதுரை–போடி ரயில் பாதை: 1928இல் திறப்பு, 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடல், 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் ரயில். சிகிச்சைக்கு இந்த ரயிலில் போகலாம்: மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கேரளப் பக்க மலைவாசிகளுக்குக் கோட்டயத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி.

• இந்தியாவில் பல் மருத்துவர்கள் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 1948. உலக வாய் நல நாள் மார்ச் 20.

• இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் தொற்று வந்தால் எலும்பு கரையும், பெரும்பாலும் வலியே இல்லாமல். துலக்கும்போது ரத்தம் வந்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.