மஹல்லாவின் நலக் கணக்கு



ஒரு சமூகத்தைப் பேண வேண்டுமானால், முதலில் அதனை எண்ணி அறிய வேண்டும். இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பெற்றதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி ஷரீஃபில் காண்கிறோம். உமர் (ரலி) அவர்கள் 'தீவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, பச்சிளங் குழந்தைக்கும் உதவித் தொகை வகுத்தார்கள். ஆகவே, கணக்கெழுதுவது வெறும் சர்க்கார் வேலை என்று ஒதுக்கத் தக்கதன்று.

நமது விருதுநகர் மாவட்டத்தையே பாருங்கள். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. கர்ப்பிணிகளின் பதிவு, குழந்தைகளின் எடை, தடுப்பூசி, கல்வி என 49 அம்சங்கள் கணக்கில் வந்தன. அவ்வாண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை கண்ட முன்னேற்றத்தில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. குறை எங்கே என்று தெரிந்தால்தானே கை அங்கே செல்லும்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஜமாஅத்துகளிடம் இத்தகைய ஏடுகள் முன்பே உள்ளன. நிகாஹ் பதிவேடும் மையித்துக் கணக்கும் இல்லாத பள்ளி ஏது? அவற்றைச் சற்றே விரித்தால் போதும்.

முதலாவது: மையித்துக் கணக்கில் வயதையும், தெரிந்த நோயையும், மௌத்தானவர் செய்துவந்த தொழிலையும் குறித்து வைப்பது. சில ஆண்டுகள் சென்றபின், நாற்பது ஐம்பது வயதில் எத்தனை பேர் எந்தக் காரணத்தால் மறைந்தனர் என்பது கண்ணெதிரே தெரியும்.

இரண்டாவது: புதுமணப் பெண் கருவுற்றால், மூன்று மாதத்திற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதியுமாறு அவ்வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவூட்டுவது.

மூன்றாவது: பட்டாசு ஆலையில் மருந்து கலப்போர், செலுத்துவோர், திரி வெட்டுவோர் யார் யார் என்று எழுதுவது. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டா? இருமலும் மூச்சிரைப்பும் தோல் நோயும் உண்டா? இவற்றைக் கேட்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நான்காவது: இரத்த வகைப் பட்டியல்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊரார் பலர், அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். தீக்காயத்தின்மேல் மையோ பற்பசையோ தடவாமல், இருபது நிமிடம் சுத்தமான குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும்; உடனே 108-ஐ அழைக்க வேண்டும்; வெடிக்கும் ஆலையை நெருங்கக் கூடாது. ஜும்ஆவுக்குப்பின் இதனை ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் உயிர்கள் தப்பும்.

ஒன்றை மறவாதீர்! பிறர் நோய் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எண்ணிக்கையை மட்டுமே பள்ளியில் சொல்லலாம், பெயர்களைச் சொல்லலாகாது. ஏடு ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். பெண்களின் விவரத்தைப் பெண்களே எழுதட்டும்.

ஏட்டில் ஏழை நோயாளி தென்பட்டால், ஜகாத்துக்கு உரியவர் தென்பட்டார் என்று பொருள். கேட்டு வருமுன் அவர் வாசலைத் தேடிச் செல்வோமாக! அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.