சரிவில் மட்டம் காணல்

நுழையும்முன்

வீடு கட்டுவோர் நிலத்தைச் சமன்செய்த பின்னரே அடித்தளம் இடுவர். வீட்டையே வண்டியின் பின்னால் இழுத்துச் செல்வோரோ நாள்தோறும் புதிய நிலத்தில் தங்குகின்றனர். ஓரிரவுத் தங்கலுக்காக நிலத்தை வெட்டித் திருத்த இயலுமா? நிலம் சரிந்திருப்பினும் வீட்டைச் சமமாக நிறுத்தும் அவர்தம் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இழுவை வீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில், விடுமுறைக் காலத்தில் மகிழுந்துகள் சிறு வீடுகளை இழுத்துச் செல்லும் காட்சியைக் காணலாம். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை ஆகியன அமைந்த இவ்வீட்டை ‘டிரெய்லர்’ என்பர். இதன் முன்புறம் நீண்டிருக்கும் இரும்புச் சட்டமே இதனை வண்டியுடன் இணைக்கிறது. முகாம் திடலை அடைந்ததும் வண்டியிலிருந்து வீட்டைப் பிரித்து நிறுத்துவர். ஆயின், அப்பலாச்சியன் போன்ற மலைப்பகுதிகளில் முற்றும் சமமான இடம் கிடைப்பது அரிது. மழைநீர் தேங்காதிருக்கவும் திடல்கள் சற்றே சரிவாக அமைக்கப்படுவதுண்டு.

மட்டம் ஏன் வேண்டும்?

சாய்ந்த வீட்டில் உறங்குவோர் ஒருபுறமாகச் சரிவர். கதவுகள் தாமே திறக்கும். இவை சிறு தொல்லைகளே. குளிர்பதனப் பெட்டிக்கோ சாய்வு பெருங்கேடு விளைவிக்கும். இழுவை வீடுகள் பலவற்றில், எரிவளியாலும் இயங்கும் உறிஞ்சுவகைப் பெட்டி உள்ளது. நம் வீட்டுப் பெட்டியில் உள்ளது போன்ற கம்ப்ரசர் அதில் இல்லை. வெப்பத்தால் அம்மோனியா ஆவியாகி மேலெழுகிறது. பின்பு குளிர்ந்து நீர்மமாகி, புவியீர்ப்பினால் குழாய்கள் வழியே கீழிறங்குகிறது. பெட்டி சாய்ந்தால் நீர்மத்தின் ஓட்டம் தடைப்படும்; சூடாக்கும் பகுதி அளவுமீறிக் கொதிக்கும்; நாளடைவில் குழாய் அடைபட்டுப் பெட்டி பழுதாகும்.

தெரிந்து தெளிவோம்

உறிஞ்சுவகைக் குளிர்பதனப் பெட்டியின் இவ்வடிவத்தை 1922ஆம் ஆண்டில் உருவாக்கியோர், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பொறியியல் பயின்ற பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் மாணவர் இருவர்.

குமிழி காட்டும் உண்மை

மலைச்சரிவில் கண்ணை நம்புதல் கூடாது. சுற்றியுள்ள யாவும் சரிந்திருக்கும்போது சாய்வும் சமமாகவே தோன்றும். ஆதலின், நம் கொத்தனார்கள் சுவரெழுப்பக் கையாளும் ரசமட்டமே இங்கும் துணையாகிறது. சற்றே வளைந்த கண்ணாடிக் குழாயினுள் நீர்மமும் ஒரு காற்றுக்குமிழியும் இருக்கும். நீர்மம் தாழ்ந்த பக்கம் செல்ல, குமிழி உயர்ந்த பக்கம் ஏறும். எனவே, குமிழி ஒதுங்கிய பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தை உயர்த்துதல் வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது? இடவலச் சக்கரங்களுக்கிடையே 2 மீட்டர் இடைவெளி எனக் கொள்வோம். 1 பாகைச் சாய்வைச் சரிசெய்யத் தாழ்ந்த பக்கத்தை ஏறத்தாழ 3.5 செ.மீ. உயர்த்த வேண்டும், 3 பாகைக்கு 10.5 செ.மீ. வேண்டும். நீங்கள் கற்ற முக்கோணவியலின் ‘டேன்’ மதிப்பே இக்கணக்கிற்கு அடிப்படை.

வரிசையே காவல்

முதலில், வண்டியோடு வீடு இணைந்திருக்கும்போதே இடவலச் சாய்வைச் சரிசெய்வர். தாழ்ந்த பக்கச் சக்கரங்களின்முன் பலகைகளை அடுக்கி, வண்டியை மெல்ல நகர்த்தி அவற்றின்மேல் ஏற்றுவர். பக்கத்திற்கு இரு சக்கரங்கள் இருப்பின் இரண்டையும் ஏற்றுதல் வேண்டும்.

அடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டைகளை இறுக்கமாக இடுவர். அதன் பின்னரே வண்டியிலிருந்து வீட்டைப் பிரிப்பர். மூன்றாவதாக, முன்சட்டத்திலுள்ள திருகுதூக்கியைச் சுழற்றி முன்பின் சாய்வை நீக்குவர். இறுதியாக, நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்களைத் தரையில் ஊன்றுவர். இவை வீடு ஆடாமல் தாங்குவதற்கே உரியவை, இவற்றைக் கொண்டு வீட்டை உயர்த்த முயன்றால் கால்கள் வளையும், அடிச்சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வரிசை மாறினால் என்னாகும்? வீட்டைப் பிரித்தபின் இடவலச் சாய்வைக் கண்டால், மீண்டும் இணைத்தே பலகையில் ஏற்ற நேரும். இது வீண்வேலை மட்டுமே. முட்டுக்கட்டை இடுமுன் பிரித்தாலோ, சில டன் எடையுள்ள வீடு சரிவில் உருண்டோடும். அதன் வழியில் நிற்போர் உயிருக்கே ஊறு நேரும். அதுவரை வீட்டைப் பிடித்திருந்தது வண்டியின் எடையும் தடையுமே என்பதை மறத்தலாகாது. பிறர் செயலைத் தடுப்பதை ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்று பழிக்கிறோம். இங்கோ அக்கட்டையே உயிர்க்காவல்.

புறப்படும்போதும் இவ்விதி பொருந்தும். தாங்குகால்களை உயர்த்தி, வீட்டை வண்டியுடன் இணைத்து, இணைப்பை உறுதிசெய்த பின்னரே கட்டைகளை அகற்றுதல் வேண்டும். பலகையும் கட்டையும் எளிய பொருள்களே. அவற்றை எப்போது இடுவது, எப்போது எடுப்பது என்னும் அறிவே சரிந்த நிலத்திலும் அச்சமின்றி உறங்கச் செய்கிறது.

கற்பவை கற்றபின்

ஒளிபுகும் நெகிழிக் குழாயில் நீர் நிரப்பி, உங்கள் வகுப்பறைச் சுவரின் இரு முனைகளில் ஒரே மட்டத்தைக் குறித்துக் காட்டுக.

மதிப்பீடு

1. ரசமட்டத்தின் குமிழி உயர்ந்த பக்கம் செல்வது ஏன்?
2. தாங்குகால்களால் வீட்டை உயர்த்துதல் கூடாது – காரணம் கூறுக.
3. ‘வரிசையே காவல்’ என்னும் கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.