இஸ்ஸி யங் கடையில் கல்லா எங்கே இருந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

இஸ்ஸி யங் பற்றி நீ எழுதிய அஞ்சலிக் கட்டுரையை நேற்று ராத்திரி படித்தேன். எரிச்சலில் தூக்கம் வரவில்லை. இரண்டாவது வரியிலேயே பாப் டிலன் வந்துவிடுகிறார்; வந்தவர் போகவே மாட்டேன் என்கிறார். 1961 நவம்பர் 4, கார்னகி சாப்டர் ஹால் கச்சேரிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். டிக்கெட் 2 டாலர், வந்தவர்கள் 53 பேர் என்று எண்ணிச் சொல்லத் தெரிகிறது. கச்சேரியை ஏற்பாடு செய்த இஸ்ஸி அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவே எங்கே நின்றார்? அது இல்லை.

அவரை ‘மாபெரும் ஆளுமை’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அவர் ரொட்டிக் கடைக்காரரின் மகன், தம்பி. 1957இல் நியூயார்க்கில் மக்டூகல் தெரு 110ஆம் எண்ணில் கடை போட்டார். புத்தகம், இசைத்தட்டு, கிட்டார், கம்பி எல்லாம் விற்றார். கடைக்காரரைப் பற்றி எழுதினால் எனக்குக் கல்லா தெரிய வேண்டும். கடன் சொல்லிவிட்டுப் போனவன் முகம் தெரிய வேண்டும்.

நான் வாசிக்கப் பழகிய காலத்தில் திருச்சியில் ஒரு வாத்தியக் கடை இருந்தது. முதலாளி பழைய கம்பிகளைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். மெலிசான முதல் கம்பிதான் அடிக்கடி அறும். முழு செட் வாங்க எங்களிடம் காசு இருக்காது. டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு சுருளாக விரல் நுனியில் உருட்டிப் பார்ப்பார். துரு ஏறாத ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துத் தருவார். காசு வாங்கியதே இல்லை. அவர் இறந்த செய்தி வந்த அன்று என் காதில் கேட்டது அந்த டப்பா மூடியின் சத்தம்தான்.

நிலையான விலாசம் இல்லாத பாடகர்களுக்கு வந்த கடிதங்களை இஸ்ஸி தன் கடையில் வாங்கி வைத்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அபாரம்! மூன்று முறை படித்தேன். அதை எழுதிய கை மற்றதை எப்படி எழுதியது?

1973இல் ஸ்டாக்ஹோம் போனவர், அங்கேயும் கடை திறந்து 2018 வரை நடத்தினார். மறு வருஷம் பிப்ரவரியில் 90 வயதில் இறந்தார். நியூயார்க்கில் 16 வருஷம், ஸ்டாக்ஹோமில் 45 வருஷம். அந்த 45 வருஷத்துக்கு நீ கொடுத்தது ஒரே வரி. டிலனை எடுத்துவிட்டு அந்தக் கடைக்குள் போ. திருத்தியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.