பெயரைத் தேடும் வரிசை

பேராதனை

அன்புள்ள தம்பி,

கெலிஓயா வகுப்பில் இருக்கும் உபுண்டு சேர்வரின் பெயரை மாற்றியதிலிருந்து, 'சூடோ' கட்டளை போடும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வருவதாக எழுதியிருந்தாய். சேர்வர் பழுதாகவில்லை. நீ பெயரை மாற்றினாய். ஆனால் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. அங்கே 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதிய பெயரை எழுது, சரியாகிவிடும்.

காரணத்தையும் தெரிந்துகொள். ஒரு பெயரின் ஐபி முகவரியை எந்த வரிசையில் எங்கெங்கே தேடுவது என்பதை 'என்எஸ்சுவிட்ச்' கோப்பு முடிவு செய்கிறது. வழக்கமாக அதில் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் குறிக்கும் 'ஃபைல்ஸ்' முன்னும், பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவையான 'டிஎன்எஸ்' பின்னும் இருக்கும். ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருப்பதே வெல்லும். சோதிக்கும்போது 'டிக்' கட்டளையை மட்டும் நம்பாதே. அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸிடம் போய்விடும். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்று கேட்டால் இந்த வரிசைப்படியே தேடி விடை சொல்லும்.

'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் கைவைக்காதே. உபுண்டுவில் அதை 'சிஸ்டம்டி-ரிசால்வ்ட்' பார்த்துக்கொள்கிறது. நீ எழுதிய வரி பிறகு காணாமல் போகலாம். டிஎன்எஸ் சேர்வரின் முகவரியை நெட்பிளான் கோப்பில் எழுது.

எல்லாப் பெயர்களையும் ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதினால் என்ன என்று கேட்பாய். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் ஒரே பட்டியலை வைத்திருந்தது. மற்றவர்கள் அதைப் பிரதியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகவே பிரதிகள் பழசாகின, பட்டியலும் சமாளிக்க முடியாமல் போனது. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், அந்தப் பொறுப்பைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தது. அப்படித்தான் 1990இல் டாட் எல்கே நம் நாட்டின் கைக்கு வந்தது, 2010இல் '.இலங்கை' என்று தமிழிலேயே முகவரி வைக்கவும் வழி பிறந்தது.

உன் வகுப்புக்கும் அதே கணக்குத்தான். இரண்டு மூன்று கணினிகளுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு போதும். வகுப்பு முழுவதற்கும் என்றால் 'டிஎன்எஸ்மாஸ்க்' போடு. அது சேர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்து, கேட்கும் கணினிகளுக்கெல்லாம் விடை சொல்லும். நீ ஓரிடத்தில் திருத்தினால் போதும். எந்தப் பெயரை எங்கே எழுதினாய் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வை. உனக்குப் பின் அந்தச் சேர்வரைப் பார்க்கப்போகிறவருக்கு அது உதவும்.

அன்புடன்,
அண்ணன்