பாதி வருஷம் தையல், பாதி வருஷம் சம்பளம்

குயிலாப்பாளையம்,
24.8.2025

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. திருப்பூரில் அறை கிடைத்துவிட்டது, சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அம்மா சொன்னாள். சாப்பாடு போகப்போகப் பழகிவிடும். கூடவே அவள் சொன்ன இன்னொரு சங்கதிதான் எனக்கு உறுத்தியது. "அவ இப்போ கம்பெனியில இருக்கா மாமா, வரியெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்" என்றாள். நீ சொன்னதைத்தான் அவள் சொல்லியிருப்பாள். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஷிஃப்ட் மணி அடித்துவிடும், அதனால் எழுதிவிடுகிறேன்.

கம்பெனிக்குத் தெரிந்தது நீ அங்கே சேர்ந்த பிறகு நடந்தது மட்டும்தான். நீ சேர்ந்தது போன நவம்பரில். மார்ச் வரை ஐந்து மாதம், மாதம் 48,000 என்று 2,40,000 கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் வரியே வராது. அதனால்தான் உன் சம்பளத்தில் ஒரு பைசாவும் பிடிக்கவில்லை. பிடித்தம் இல்லாதவர்களுக்கு ஃபார்ம் 16 கொடுக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்குக் கிடையாது. வருமானவரிக்காரர்களுக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே வருஷம். அக்டோபர் வரை நம் கொட்டகையில் நாலு பெண்களை வைத்துப் பையும் குர்தாவும் தைத்துக் கொடுத்தாயே, அந்த ஏழு மாதமும் இதே கணக்கில்தான் வரும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

நீ விட்டுப்போன பில் புக்கையும் கூலி நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நேற்று கூட்டிப் பார்த்தேன். பழைய புத்தி, கணக்கு நோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏழு மாதத்தில் ஜிஎஸ்டி நீங்கலாக ஜாப் ஒர்க் வரவு 16 லட்சம், அத்தனையும் பேங்க் வழியாக. கூலி, நூல், கரண்ட், ஆட்டோ எல்லாம் போக உன் கையில் நின்றது 4,20,000. சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு போனால் 1,65,000. மிஷின்களை எல்லாம் மொத்தமாக 1,10,000-க்கு விற்றாய். தேய்மானம் போகக் கணக்கில் அவற்றின் மதிப்பு 95,000 இருந்தது, ஆக அதில் 15,000 லாபம். கூட்டினால் சரியாக 6 லட்சம்.

இதற்கு வரி எவ்வளவு? புது முறையில் முதல் 3 லட்சத்துக்கு இல்லை, அடுத்த 3 லட்சத்துக்கு 5 சதவீதம், 15,000 வருகிறது. மொத்த வருமானம் 7 லட்சத்தைத் தாண்டாததால் அந்த 15,000-மும் தள்ளுபடி ஆகிவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். இதைக் கேட்டதும் "அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்" என்று கேட்பாய். வரி இல்லை என்பது வேறு, ரிட்டர்ன் வேண்டாம் என்பது வேறு, அம்மாடி. போன வருஷக் கணக்கில் வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தள்ளுபடியும் ரிட்டர்ன் போட்டுத்தான் கேட்க முடியும்.

உனக்கு வர வேண்டிய பணமும் அதில் இருக்கிறது. வேலை கொடுத்த இடங்களில் ஒவ்வொரு பில்லிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்களே, 16 லட்சத்துக்கு அது 16,000. உன் பான் எண்ணின் பேரில் அரசாங்கத்திடம் கிடக்கிறது. 26ஏஎஸ் என்ற அறிக்கையில் பார், இருக்கும். ரிட்டர்ன் போட்டால் அது முழுசாக உன்னிடம் திரும்பி வரும். கெடுவை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை போடலாம், ஆனால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குத் தாமதக் கட்டணம் 5,000. வரி பூஜ்யம் என்பதால் அந்தக் கட்டணம் போய்விடாது. 16,000 வாங்க வேண்டிய இடத்தில் 11,000 வாங்குவாய்.

யாராவது உன்னிடம், "44ஏடி-யில் 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும், 96,000 தான் வரும், மொத்தமே 3 லட்சத்துக்குள் அடங்கிவிடும், பேசாமல் இரு" என்று சொல்வார்கள். சின்ன வியாபாரிகள் கணக்குப் புத்தகம் வைத்து அல்லாட வேண்டாம் என்று கொடுத்த வசதி அது. பேங்க் வரவுக்கு 6, ரொக்கத்துக்கு 8 என்பது அடிமட்டம். அதற்கு மேல் சம்பாதித்தால் மேலே காட்டலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உனக்கு நோட்டில் 4,20,000 தெளிவாக நிற்கிறது. அதையே காட்டு. வரி ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. நாளைக்கு வீட்டுக்கடன் என்று போய் நின்றால் பேங்க்காரன் பழைய ரிட்டர்ன்களைத்தான் முதலில் கேட்பான். உழைத்துச் சம்பாதித்ததைக் குறைத்து எழுதிவிட்டு அவனிடம் ஏன் கெஞ்ச வேண்டும்?

படிவத்தில் மட்டும் கவனமாக இரு. இதுவரை சுகம் என்கிற ஐடிஆர்-4 போட்டு வந்தாய். தையல் வருமானமும் சம்பளமும் மட்டும் என்றால் இந்த முறையும் அதிலேயே முடித்திருக்கலாம். மிஷின் விற்ற லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம் ஆகிவிடுகிறது, அதற்கு ஐடிஆர்-4-இல் இடமில்லை. ஐடிஆர்-3 தான் போட வேண்டும். சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1-ஐ அறைத் தோழி போட்டுத் தருகிறேன் என்றாலும் தொடாதே. ஐடிஆர்-3 நீளமான படிவம், நீயே உட்கார்ந்து போடாதே, ஆடிட்டரிடம் கொடு. பழைய வரி முறை வேண்டுமென்றால் வியாபார வருமானம் இருக்கிற வருஷத்தில் 10-ஐஇஏ என்று தனிப் படிவம் கொடுக்க வேண்டும். உனக்கு அது தேவையில்லை, புது முறையே போதும். வருமானவரித் தளத்தில் வருஷம் கேட்கும்போது 2025-26 என்று தேர்ந்தெடு. 2024-25-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு அதுதான். இந்தக் குழப்பம் இனி இருக்காதாம். மூன்று நாளைக்கு முன் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த புது வருமானவரிச் சட்டத்தில் 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்றுதான். அது வரும் ஏப்ரலில்தான் அமலாகும். இப்போது நீ போடப்போவது 1961-ஆம் வருஷச் சட்டப்படிதான்.

எனக்கு உண்மையான கவலை ஜிஎஸ்டி. கொட்டகையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாய், எண்ணை ரத்து செய்தாயா? உன் அம்மாவுக்குத் தெரியவில்லை. எண் உயிரோடு இருக்கிற வரைக்கும், ஒரு பில் கூடப் போடாவிட்டாலும், பூஜ்யம் என்று ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். போடாத நாளுக்கு 20 ரூபாய், பூஜ்ய ரிட்டர்ன் ஒன்றுக்கு அதிகபட்சம் 500 என்று ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் விட்டுப்போன ரிட்டர்ன்களைப் போடு. பிறகு ரெக்-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பி. ரத்து ஆன பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன். நிறையப் பேர் ரத்து ஆணை வந்ததோடு விட்டுவிட்டு இந்தப் பத்தை மறந்துவிடுகிறார்கள். மிஷின் விற்றதற்கு ஜிஎஸ்டி பில் போட்டாயா என்பதையும் ஆடிட்டரிடம் சொல்லிக் கேள். நீ ஜிஎஸ்டியில் காட்டிய வியாபாரத் தொகை வருமானவரியின் ஏஐஎஸ் அறிக்கையிலும் தெரியும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இருந்தால் கேள்வி வரும்.

கரண்ட் அக்கவுண்ட்டை மூடப் போவதாகச் சொன்னாய். அவசரப்படாதே. ரீஃபண்ட் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தளத்தில் சரிபார்த்து வைத்திருக்கிறாயோ அதற்குத்தான் வரும். சம்பளக் கணக்கை அங்கே சேர்த்துவிட்டுப் பிறகு மூடு. தளத்தில் உள்ள மொபைல் எண்ணையும் மெயிலையும் ஒருமுறை பார். நம் பக்கத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையே கொடுத்துவிடுவது வழக்கமாகப் போய்விட்டது. நோட்டீஸ் அவருக்குப் போகும், உனக்குத் தெரியாது. ரிட்டர்னை அனுப்பியதும் ஆதார் ஓடிபி வைத்து 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போடாத மாதிரிதான்.

அடுத்த வருஷம் எளிது. சம்பளம் மட்டும் என்றால் ஐடிஆர்-1, ஐந்து நிமிஷ வேலை. பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்ததைக் கேட்டு ரிட்டர்னே வேண்டாம் என்று உங்கள் கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அதுவும் இதே தள்ளுபடி கதைதான். ரிட்டர்னுக்கான எல்லை 4 லட்சம். உன் வருஷச் சம்பளம் கழிவு போகவும் 5 லட்சத்தைத் தாண்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளவுஸ் தைத்துக் காசு வாங்கினால் அதையும் சேர்க்க வேண்டும், படிவமும் மாறும்.

பில் புக், கூலி நோட்டு, மிஷின் விற்ற சீட்டு எல்லாம் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆறு வருஷமாவது வைத்திருக்க வேண்டியவை, பழைய பேப்பர்காரனிடம் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆடிட்டருக்கு வேண்டிய பக்கங்களை நாளைக்கே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். நீ உன் ஐந்து மாதச் சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் இந்த வாரத்துக்குள் அவருக்கு அனுப்பிவிடு. ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் நினைவில்லை என்றால் இன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா