கருச்சிதைவை முன்னறிய ஹார்மோன் அளவு உதவுமா?

கருவுற்ற முதல் மூன்று திங்களில் உதிரம் காணும் பெண்கள் அனைவருக்கும் கருச்சிதைவு நேர்ந்துவிடுவதில்லை. பலர் பின்னர் நிறைமாதக் குழந்தையைப் பெறுகின்றனர். எனினும் கரு நிலைக்குமா என்னும் ஐயம் எழுந்தவுடன் இரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதிப்பது இன்று வழக்கமாகியுள்ளது.

கருப்பையின் சுவரில் கரு பதியும்போது அதன் வெளியுறைச் செல்கள் எச்.ஸி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. சூலகத்தில் முட்டை வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திரளை இது தூண்டி, புரொஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கச் செய்கிறது. கருப்பையின் உட்சவ்வைக் காப்பதும் அதன் தசைகளை அமைதியாக வைப்பதும் புரொஜெஸ்டிரோனே. ஏறத்தாழ 7 முதல் 9 வாரங்களில் அதனைச் சுரக்கும் பணியை நச்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது.

எச்.ஸி.ஜி. அளவு ஒரே வாரக் கர்ப்பத்திலும் பெண்ணுக்குப் பெண் பெரிதும் வேறுபடும். ஆகவே ஒருமுறை கண்ட எண்ணைக்கொண்டு முடிவு கூறலாகாது. 48 மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால்தான் அதன் போக்குப் புலனாகும். முதல் அளவு மில்லிலிட்டருக்கு 1,500 மில்லி அலகுக்குக் குறைவாயின், கருப்பையில் நன்கு வளரும் கர்ப்பத்தில் அது அவ்விடைவெளியில் குறைந்தது 49 சதவீதமேனும் உயருமென எதிர்பார்க்கலாம். உயர்வு குன்றினால் கருச்சிதைவோ, அதனினும் ஆபத்தான கருக்குழாய்க் கர்ப்பமோ இருக்கக்கூடும். புரொஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழிருப்பின் கரு நிலைப்பது மிக அரிது. 20க்கு மேலிருப்பின் பெரும்பாலும் நலமே. இடைப்பட்ட அளவு ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

அப்படியாயின் குறையும் ஹார்மோனை மருந்தாக அளித்தால் போதாதா? தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்வன. அங்கே ஹார்மோன் குறைவு காரணமன்று, விளைவே. பிரிட்டனில் உதிரங்கண்ட 4,153 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், புரொஜெஸ்டிரோன் பெற்றோருள் 75 சதவீதத்தினரும் போலி மருந்து பெற்றோருள் 72 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் முன்னரே மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவு நேர்ந்தவரிடையே அது 72, 57 என விரிந்தது. எனவே முந்தைய கருச்சிதைவுகளைக் கேட்டுக் குறிப்பது சிகிச்சையையே மாற்றக்கூடும்.

ஆஷா பணியாளர் வைத்திருக்கும் நிச்சய் பட்டை சிறுநீரில் எச்.ஸி.ஜி. உண்டா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். கோடு வெளிறியிருப்பதால் கரு நலிந்ததென ஊகித்தல் தவறு. கரு சிதைந்த பின்னரும் சில வாரங்கள் கோடு தோன்றுமாதலால், அது கரு உயிரோடிருப்பதற்கும் சான்றாகாது. அதனைக் காட்டுவது ஸ்கேனில் தெரியும் இதயத் துடிப்பே. அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்வலி ஆகியன இருப்பின் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. மற்றையோருக்கு இரு சோதனைகளையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் செய்வித்து, இரத்தம் எடுத்த நாளையும் மணியையும் சீட்டில் எழுதுக.